முப்பாட்டனார் எந்த ஊர்?

தென் அமெரிக்காவின் வட கரையில் கயானா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே கோமஸ், பெர்னாண்டஸ், டி பிரெய்டாஸ் என்று பெயர் கொண்ட குடும்பங்கள் உண்டு. தங்கள் முப்பாட்டனார் பிறந்த ஊர் எது என்று இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தேடுகிறார்கள்.

கேள்வி எளிது. விடை எளிதல்ல!

இவர்களுடைய முன்னோர், போர்ச்சுக்கல் நாட்டுக்குச் சொந்தமான மதீராத் தீவிலிருந்து வந்தவர்கள். 1834-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அமலுக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் கூலிக்கு வேறு ஆள் தேடினார்கள். 1835 மே 3-ந் தேதி மதீராவிலிருந்து 40 பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். (இந்தியக் கூலிகளின் முதல் கப்பல்கள் அங்கே சேர்ந்தது 1838 மே 5-ந் தேதி. பின்னர் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின.)

வந்தவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டனர். ஆனாலும் கூட்டம் நிற்கவில்லை. ஊரில் வறுமை. 1850-களில் திராட்சைக் கொடிகளில் நோய் விழுந்து, பிழைப்பே போயிற்று. 1882-க்குள் சுமார் 30 ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள்.

தோட்ட வேலையை விட்டு, மளிகைக் கடையும் ரம் கடையும் வைத்தார்கள். கையில் காசு சேர்ந்தது. கூடவே பகையும் சேர்ந்தது. 1856-லும் 1889-லும் அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன.

அவர்களும் வெள்ளையர்தானே, வெள்ளைக்காரத் துரைமார் சேர்த்துக்கொண்டார்களா? இல்லை! மக்கள் தொகைக் கணக்கில் 'ஐரோப்பியர்' வேறு, 'போர்ச்சுக்கீசியர்' வேறு என்றே எழுதினார்கள்.

2012-ம் ஆண்டுக் கணக்கில் 'போர்ச்சுக்கீசியர்' என்று இருப்பவர்கள் 2,000 பேர்கூட இல்லை. பலர் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். பழைய கதை தெரிந்த பாட்டிமார்களும் குறைந்து வருகிறார்கள். தேடலுக்கு அவசரம் வந்தது இதனால்தான்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் என்ன?

அங்கேதான் சிக்கல். மாதா கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தில் குழந்தைக்கு மானுவல், மரியா என்று ஒற்றைப் பெயர்தான் எழுதுவார்கள். குடும்பப் பெயர் பிறகு வருவது. அண்ணன் அப்பா வழிப் பெயரை வைத்துக்கொள்வான். தம்பி அம்மா வழிப் பெயரை வைத்துக்கொள்வான். ஒரே ஊரில் பத்து மானுவல் இருப்பார்கள்!

பெயரைப் பார்த்து வம்சம் சொல்ல முடியாது என்பது நமக்குப் புதிதல்ல. தூத்துக்குடிக் கரையில் எத்தனையோ பெர்னாண்டோக்கள் இருக்கிறார்கள். அது 16-ம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தோடு வந்த பெயர். அவர்கள் நம் ஊர்க்காரர்களே.

ஆகவே ஊர்தான் சாவி. ஊர் தெரிந்தால் அந்த ஊர்க் கோவில் புத்தகத்தைப் புரட்டலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயரோடு தாத்தா பாட்டிமார் பெயரும் இருக்கும். ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை! இந்தப் புத்தகங்களும் பழைய பாஸ்போர்ட் பதிவுகளும் மதீராவின் தலைநகரான புஞ்சாலில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்டர்நெட்டிலும் பார்க்கலாம்.

ஆனால் திருட்டுத்தனமாகக் கப்பல் ஏறியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களுக்குப் பாஸ்போர்ட் ஏது? கயானாவில் கிடைக்கும் கடுதாசியில் 'மதீரா' என்று மட்டும் இருந்தால், தேடல் அங்கேயே நின்றுவிடும்.

கயானாவில் கிறிஸ்துமஸ் காலையில், பூண்டும் வினிகரும் சேர்த்துப் பல நாள் ஊறவைத்த பன்றிக் கறியை வறுக்கிறார்கள். மதீராவிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. ஆனால் மதீராவில் எந்த ஊருக்குப் போனாலும் கிறிஸ்துமஸுக்கு அதே கறிதான்!