திண்ணையைக் கூடத்துக்குள் கொண்டுவருவோம்

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தருகே, செங்கல்லில் சுருண்டு மேலேறும் இந்தியன் காபி ஹவுஸைப் பார்த்திருப்பீர்கள். நாகர்கோவில் பஸ் பிடிக்கும் முன் அங்கே ஒரு காபி குடிப்பது என் பல வருஷப் பழக்கம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த அந்தக் கட்டடத்தில், ஏறுகிற சரிவு நெடுக மேசையும் பெஞ்சும் சுவரை ஒட்டியே கட்டியிருக்கும். தரை சரிந்தாலும் மேசை மட்டமாக நிற்கும். காலையிலிருந்து ஆட்கள் உட்கார்ந்து எழுந்தபடியே இருக்கிறார்கள். ஓர் ஆட்டம் கிடையாது.

அதை இத்தனை நாள் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. திருவனந்தபுரத்தின் உள்ளூர் பகுதியில் வீடு கட்டியதும் தவணையில் கட்டிலும் அலமாரியும் வாங்கினேன். பளபளப்பான மரத்தூள் பலகை. இரண்டு இடவப்பாதி மழை தாண்டுவதற்குள் உப்பிவிட்டது. கீலின் திருகாணி பெயர்ந்து வந்தபோது, துளையிலிருந்து ஈரத்தவிடு மாதிரி தூள் கொட்டியது. அன்றைக்கு நான்கு தவணை பாக்கி இருந்தது.

பின்சுவர் வேலைக்கு வந்த மார்த்தாண்டத்துக் கொத்தனார்தான் கேட்டார்: "அக்கா, செங்கல் மிச்சம் கெடக்கே, ஒரு திண்டு போட்டுத் தரட்டா?" ஆறரை அடி நீளம், ஒன்றரை அடி உயரம், கீழே பாத்திரம் பண்டம் வைக்க மூன்று பொந்து. மேலே சிவப்பு ஆக்சைடு போட்டு இழைத்துக் கொடுத்தார். ஜன்னல் ஓரம் ஒரு கடப்பா கல்லைச் செருகினார். அதுதான் இப்போது என் மகள் படிக்கும் மேசை. இரண்டு நாள் கூலியும் இரண்டு மூட்டை சிமெண்டும்தான் செலவு. பகலில் சோபா, இரவில் மெத்தை விரித்தால் கட்டில்.

பேக்கர் 1970 வாக்கில் திருவனந்தபுரத்துக்குக் குடிவந்து, 2007-ல் மறையும்வரை சொன்னது இதைத்தான்: தேவையில்லாததற்குக் காசைக் கொட்டாதே. ஜன்னலுக்குப் பதில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி ஜாலிச் சுவர் எழுப்பினார். காற்றும் வெளிச்சமும் வரும். கம்பியும் வேண்டாம், திரைச்சீலையும் வேண்டாம். நாலாஞ்சிறையில் பாறைச்சரிவில் கட்டிய தன் வீட்டிலும், எங்கள் உள்ளூர் பகுதியிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்திலும் அதையே செய்தார். சுவரோடு சேர்த்துக் கட்டும் இருக்கையையும் பொந்தையும் நம் தாத்தாக்கள் திண்ணை என்றும் மாடம் என்றும் வைத்திருந்தார்கள். நாம்தான் இடித்தோம்.

"நகர்த்த முடியாதே" என்பார்கள். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலை எங்கே நகர்த்தப் போகிறோம்? வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இது உதவாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரும் தமிழக அரசு, வரைபடத்திலேயே ஒரு திண்டும் இரண்டு மாடமும் சேர்க்க வேண்டும். சொந்தமாகக் கட்டுகிறவர்கள், சுவர் இடுப்பளவு எழும்பும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். பூச்சு முடிந்தபின் கேட்டால் கூலி கூடும்.