கூரையில் ஒரு அன்ரனா

கோடை பிறந்துவிட்டால் ரொறொன்ரோப் பக்கத்து எங்கள் குடும்பங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, ஆர்.வி. வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அல்கொங்குயின் பூங்காவுக்குப் புறப்படுவது வழக்கமாகிவிட்டது. சிலர் ஜோர்ஜியன் வளைகுடாவில் படகும் ஓட்டுகிறார்கள். அடுப்பு, சட்டி, மிளகாய்த்தூளோடு ஊசி போடும் அம்மம்மாவும், இழுப்பு உள்ள பேரப்பிள்ளையும் கூட வருவார்கள். நள்ளிரவில் அவசரம் என்றால் 911 ஐ அழைக்கக் கைத்தொலைபேசியில் ஒரு கோடாவது வேண்டுமே! இந்தப் பயத்தில்தான் பலர் 'சிக்னல் பூஸ்டர்' வாங்க நினைக்கிறார்கள். பல நூறு டொலர் விலைப்படும் பொருள். வாங்குமுன் அதைப்பற்றிச் சிறிது அறிவோம்.

கருவியில் மூன்று பாகங்கள் உண்டு. கூரையில் ஒரு அன்ரனா, நடுவில் ஒரு பெருக்கி, உள்ளே ஒரு சிறிய அன்ரனா. கோபுரத்திலிருந்து வரும் மெல்லிய அலையைப் பெருக்கி உள்ளே தரும். உங்கள் தொலைபேசியின் அலையையும் அவ்வாறே பெருக்கி வெளியே அனுப்பும். அமெரிக்காவில் வாகனங்களுக்கான சாதாரண பூஸ்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சப் பெருக்கம் 50 டெசிபெல். அதாவது ஒரு இலட்சம் மடங்கு! ஆனால் பூச்சியத்தை இலட்சத்தால் பெருக்கினாலும் பூச்சியம்தான். கோபுரத்தின் அலை எட்டாத காட்டில் எந்தப் பூஸ்டரும் சிக்னலை உண்டாக்காது.

ஆகவே காசு கொடுக்குமுன் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். வழக்கமாகத் தங்கும் இடத்தில் வெளியே, உயரமான இடத்தில் நின்று தொலைபேசியைப் பாருங்கள். வெளியே ஒரு கோடு காட்டி, வாகனத்துக்குள் ஒன்றுமில்லையானால் பூஸ்டர் உதவும். வெளியிலும் ஒன்றுமில்லையானால் காசு வீண். நீண்ட வார இறுதியில் கோபுரம் ஆட்களால் நிரம்பி இணையம் மந்தமானால், அதற்கும் பூஸ்டர் மருந்தல்ல.

விழா மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் 'கீ' என்று கத்தும் அல்லவா? இரண்டு அன்ரனாக்களும் கிட்ட இருந்தால் இங்கும் அதுவே நடக்கும். அந்த இரைச்சல் கோபுரத்தையே குழப்பி, மற்றவர்களின் அழைப்பையும் கெடுக்கும். சான்று பெற்ற கருவிகள் இதை உணர்ந்து தாமே பெருக்கத்தைக் குறைக்கும். ஆர்.வி.யின் கூரை உலோகமானால் அதுவே நல்ல தடுப்பு. பைபர்கிளாஸ் படகில் அந்தத் தடுப்பு இல்லை. எனவே அன்ரனாக்களை இயன்ற அளவு தூரத்தில் வையுங்கள். படகில் உயரமும் முக்கியம். 3 மீற்றர் உயர அன்ரனாவுக்கு அலையின் தொடுவானம் சுமார் 7 கிலோமீற்றர். 60 மீற்றர் கோபுரத்துக்குச் சுமார் 32. இரண்டையும் கூட்டினால் 39 கிலோமீற்றர். அதற்கு அப்பால் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவில் 2013 இல் வந்த விதிகளின்படி, கருவியைத் தொலைபேசிக் கொம்பனியிடம் பதிவு செய்து சம்மதம் பெற்றே பாவிக்க வேண்டும். கனடாவிலும் அரசின் சான்று பெற்ற கருவியும் கொம்பனியின் சம்மதமும் தேவை. பிரித்தானியா 2018 இல் குறைந்த பெருக்கமுள்ள சில வாகனக் கருவிகளுக்கு அனுமதிப்பத்திர விலக்கு அளித்தது. ஜேர்மனியில் கொம்பனியின் சம்மதமின்றிப் பாவிப்பது சட்டவிரோதம். ஆகவே ஊர் பேர் தெரியாத மலிவுக் கருவியை வாங்காதீர்கள்.

இன்னொன்று. பூஸ்டர் வழியாக 911 ஐ அழைத்தால், நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தெரியாமலோ பிழையாகவோ போகலாம். அமெரிக்கக் கருவிகளில் இந்த எச்சரிக்கை அச்சிடப்பட்டே வருகிறது. முகாமின் பெயர், இட இலக்கம், வந்த நெடுஞ்சாலை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, வாகனக் கதவில் ஒட்டுங்கள். ஆங்கிலம் அதிகம் தெரியாத அப்பப்பாவும் பார்த்து வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். சொந்தக் கொம்பனியின் சிக்னல் இல்லாவிட்டாலும் ஒருமுறை 911 ஐ அழுத்திப் பாருங்கள்; வேறு கொம்பனியின் கோபுரம் ஏற்றுக்கொள்ளக்கூடும்.

படகோட்டிகள் வி.எச்.எப். வானொலியைக் கைவிடக்கூடாது. அதன் 16 ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் கரையோரக் காவல்படையோடு பக்கத்துப் படகுகளும் கேட்கும். கனடாவில் அதை இயக்கச் சான்றிதழ் வேண்டும்; பரீட்சை கடினமல்ல. கோபுரமே இல்லாத காட்டுக்குப் போவோருக்குச் செய்மதி வழிகளும் உண்டு. 2022 நவம்பரிலிருந்து ஐபோன் 14 இல் வானம் தெரியும் இடத்தில் நின்று அவசரச் செய்தி அனுப்பலாம்.

பூஸ்டர் வாங்குவதும் விடுவதும் உங்கள் விருப்பம். கதவில் ஒட்டும் அந்தத் துண்டுக் காகிதத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். அதற்குச் செலவே இல்லை.