முனைவர் யார்?

ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்கள் 1947இல் வெள்ளையரோடு போயின. அவை மீண்டும் முளையாதபடி, 1950இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டம் 18ஆம் பிரிவில் தடை விதித்தது. ராணுவச் சிறப்புக்கும் கல்விச் சிறப்புக்கும் மாத்திரமே விலக்கு. அவ்விலக்கின் வழியே இப்பொழுது உள்ளே நுழைகிறது கௌரவ 'டாக்டர்' பட்டம்.

சர்வகலாசாலை ஒருவரது தொண்டைப் போற்றி அதனை அளிப்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. பெற்றவர் அதைப் பெயருக்கு முன் சூட்டிக்கொள்வதையே ஆட்சேபிக்கிறோம். லத்தீன் மூலத்தில் 'டாக்டர்' என்றால் போதிப்பவர். நாம் அதற்கு வழங்கும் 'முனைவர்' என்னும் சொல்லோ இன்னும் பாரமானது. தொல்காப்பிய மரபியலில் முதல்நூல் கண்டவனே முனைவன். பல்லாண்டு ஆராய்ந்து, பரீட்சகர் முன் வாதாடிப் பட்டம் பெற்ற ஏழை மாணவனும், மாலையோடு அதை வாங்கிய மந்திரியும் சுவரொட்டியில் ஒரே அடைமொழியுடன் நிற்பது நியாயமாகுமா? பத்திரிகைகளும் இக்குற்றத்துக்கு உடந்தையே, நாமும் விலக்கல்ல. கௌரவப் பட்டத்தை எவர் பெயருக்கு முன்னும் இனி நாம் அச்சிடப் போவதில்லை.