கல்தூள் கலந்தால் பைப் சூடு தாங்குமா?

‘மினரல் ஃபில்லர் சேருங்கள், பைப் கூடுதல் சூடு தாங்கும்’ என்ற வாசகம் மூலப்பொருள் விற்பவர்களின் கையேடுகளில் பல ஆண்டுகளாக மாறாமல் நிற்கிறது. அதற்குச் சான்றாக வைக்கப்படுவது ஹெச்.டி.டி. (சுமையின்கீழ் பிளாஸ்டிக் வளையத் தொடங்கும் வெப்பநிலை) என்ற ஒற்றை எண். பாலிபுரொப்பிலீனில் எடைக்கு 40 சதவீதம் டால்க் என்ற கல்தூள் கலந்தால் அந்த எண் சுமார் 100 டிகிரியிலிருந்து 120-ஐத் தாண்டும். எண் உண்மைதான். அதை வைத்து வெந்நீர் பைப்புக்கு உத்தரவாதம் கொடுப்பதுதான் தவறு.

அந்தச் சோதனை நடக்கும் விதத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். அரைச் சாண் நீளப் பட்டை ஒன்றை இரு முனைகளிலும் தாங்கவைத்து, எண்ணெய்த் தொட்டியில் இறக்கி, நடுவில் எடை ஏற்றி, நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடாக்குவார்கள். பட்டை கால் மில்லிமீட்டர் வளைந்ததும் அப்போதைய வெப்பநிலையைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். டால்க்கின் தட்டைத் துகள்கள் விறைப்பைக் கூட்டுவதால் பட்டை தாமதமாக வளைகிறது, எண் ஏறுகிறது. பிளாஸ்டிக் உருகுவதோ பழையபடி 165 டிகிரியை ஒட்டித்தான். கீசர் பைப்பின் பாடு முற்றிலும் வேறு. உள்ளேயிருக்கும் அழுத்தம் பைப்பின் சுவரைச் சுற்றுவாட்டில் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பைத் தாங்குபவை பாலிமர் சங்கிலிகள். 40 சதவீத எடை என்பது கனஅளவில் ஏறக்குறைய 18 சதவீதம். அவ்வளவு இடத்தில் சங்கிலி கிடையாது. இறுகப் பிணையாத துகள் நாள்பட்ட இழுப்பில் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை விட்டு விலகுகிறது. விலகிய இடங்களில் நுண்குழிகள் விழுகின்றன. குழிகள் ஒன்றுசேர்ந்தால் வெடிப்பு. இந்தச் சேதத்தை ஒரு மணி நேர வளைவுச் சோதனை காட்டவே காட்டாது. ஐ.எஸ்.ஓ. 9080 தரநிலை பைப்பை வெந்நீரில், உள்ளழுத்தத்துடன், ஓராண்டுக்கும் மேலாகச் சோதித்து, அதிலிருந்து 50 ஆண்டு வலிமையைக் கணக்கிடச் சொல்வது இதனால்தான்.

பிவிசியில் ஃபில்லர் சேர்த்தாலும் ஹெச்.டி.டி. எண்ணே பெரிதாக ஏறாது; படிக அமைப்பு குறைவான பிளாஸ்டிக் அது. அதைச் சிபிவிசியாக்கி வெந்நீருக்கு ஏற்றதாக்கியது குளோரின். 57 சதவீதத்திலிருந்து 67 வரை குளோரினை ஏற்றும்போது இளகும் வெப்பநிலை 80 டிகிரியிலிருந்து 110-ஐத் தாண்டுகிறது.

சூட்டில் பைப் நீள்வதை ஃபில்லர் குறைக்கிறதே என்பார்கள். குறைக்கிறது. ஆனால் இதற்கு உதாரணமாகக் காட்டப்படும் பிபிஆர் (ஒரு வகை பாலிபுரொப்பிலீன்) பைப்பில் அந்த வேலையைச் செய்வது நடு அடுக்கிலுள்ள கண்ணாடி இழை, கல்தூள் அல்ல. 10 மீட்டர் பைப் 40 டிகிரி சூடேறினால் வெறும் பிபிஆர் 60 மில்லிமீட்டர் நீளும், இழை சேர்த்தது 14 மில்லிமீட்டர்தான். ஐரோப்பாவில் மினரல் கலந்த பாலிபுரொப்பிலீன் பைப்புகள் நன்றாகவே உழைக்கின்றன என்பதும் சரி. அவை சத்தத்தை அடக்கும் கழிவுநீர் பைப்புகள், உள்ளே அழுத்தம் இல்லாதவை.

மிஞ்சுவது, ஃபில்லரால் விலை குறையும் என்ற வாதம். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.9, 40 சதவீதம் டால்க் சேர்ந்தால் 1.23. அதே கனமுள்ள அதே நீள பைப்புக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் எடை போடவேண்டும். கிலோவில் மிச்சமாகும் காசு மீட்டரில் கரைந்துவிடுகிறது.