நடுகல் நட்ட இனத்திற்குப் பெயரில்லாக் கல்லா?

ஆவடியில் உருவாகும் போரூர்திக்குப் பெயருண்டு. அவ்வூர்தியோடு களம் புக்கு மாய்ந்த தமிழனின் பெயரைத் தமிழெழுத்தில் தாங்கி நிற்கும் கல்லை ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் தேடிச் செல்வார்க்குக் கால் கடுக்கும். கண் பூத்துப் போகும்.

படைக்கு வேண்டுவனவற்றுள் ஆவடி கொடாதது யாது? ஊரார் ‘டாங்கி’த் தொழிற்சாலை என்றழைக்கும் கனவூர்தித் தொழிற்சாலையினின்று முதற் போரூர்தி வெளிவந்தது 1965ஆம் ஆண்டில். அவ்வூர்திக்குரிய உந்துபொறியும் இவ்வூரிலேயே ஆகின்றது. படைஞர் உடுக்கும் உடையும் இவ்வூரிலேயே தைக்கப் பெறுகின்றது. வான்படைக்கு இங்கு நிலையமுண்டு. நடுவண் சேமக் காவற்படைக்கு இங்குப் பாளையமுண்டு. பட்டாபிராமினின்று பிரியும் இருப்புப்பாதை சென்று சேருமிடத்தின் பெயரே ‘மிலிட்டரி சைடிங்’. பூந்தமல்லியோ வெள்ளையர் ஆட்சியிலேயே படை தங்கிய பாளையம். இத்துணைப் படைத்தொடர்பு உடைய வட்டாரத்தில், பணி ஓய்ந்த படைஞர் பல்லோர் மனை வாங்கிக் குடியமர்ந்ததில் வியப்பில்லை. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் நின்று மீண்டவர்களுள் எஞ்சியிருப்போர் இன்று தளர்ந்த முதியர். தம்மோடு சென்று மீளாத தோழரின் பெயரும் ஊரும் அவர்தம் நெஞ்சில் உள்ளன, கல்லில் இல்லை. நெஞ்சு எத்துணை நாளைக்குத் தாங்கும்?

போரூர்திகளுக்கு இட்ட பெயர்களைப் பார்ப்போம். முதலில் வந்தது விசயந்தா. பின்னர் அர்ச்சுன். உருசிய நாட்டு அமைப்பில் இங்கு ஆக்கப் பெற்றவற்றுக்கு அசேயா என்றும் பீசுமா என்றும் பெயர். அனைத்தும் வடமொழி! அர்ச்சுனனும் பீசுமனும் பாரதப் போரில் எதிரெதிர் நின்றவர்கள். வீழ்த்தியவன் பெயரும் வீழ்ந்தவன் பெயரும் ஓரூரிலேயே உருவாகி வெளிச்செல்கின்றன. தமிழ்த் தொழிலாளி உருக்கி, வார்த்து, பொருத்தி முடித்த இவ்வூர்திகளுள் ஒன்றற்கேனும் கரிகாலன் என்றோ செங்குட்டுவன் என்றோ பெயரிட எவர்க்கும் தோன்றவில்லை. 2021ஆம் ஆண்டில் படைக்கலத் தொழிற்சாலைகளைக் குழுமங்களாக்கிய போது, ஆவடியில் தலைமையகம் கொண்ட குழுமத்திற்குக் கிடைத்த பெயரும் ‘நிகம்’ என்றே முடிகின்றது. பணி ஓய்ந்த விசயந்தாக்கள் நாட்டின் பல ஊர்களில் மேடை கட்டி நிறுத்தப் பெற்றுள்ளன. அவற்றுக்கு வண்ணம் பூசுகின்றனர். சுற்றிலும் பூச்செடி வைக்கின்றனர். இரும்புக்குச் செய்யும் சிறப்பு இது. இரும்புக்குள் இருந்தவனுக்கு?

இனி, ஊர்ப்பெயருக்கு நேர்ந்த இழிவு தனி. ஆவடி என்பது படைக்கலக் கிடங்கு ஒன்றன் ஆங்கிலப் பெயரின் தலையெழுத்துகளைக் கோத்து உண்டானது என்று படித்தவர்களே பரப்பி வருகின்றனர். பிள்ளைகளும் அதனை மனப்பாடம் செய்கின்றனர். கிடங்கு வந்தது இரண்டாம் உலகப்போரை ஒட்டி. ஊர் அதற்கு முன்னரே ஊராய் இருந்தது. ஆ என்னும் மாட்டுப் பெயரடியாகப் பிறந்த ஊர்ப்பெயர் என்று கொள்ளும் தமிழறிஞர் உளர். ஓரெழுத்து ஒருமொழியாகிய ‘ஆ’வை அறியாதவன்தான் ஆங்கில எழுத்து ஐந்தைத் தேடிப் போவான்.

அந்த ‘ஆ’வே தமிழனின் போர்நினைவு முழுமைக்கும் தொடக்கம். ஆநிரை கவர்தலும் மீட்டலும் பண்டைத் தமிழனின் போர். அதில் பட்டவனுக்கு நட்டது நடுகல். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுத்த நடுகற்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப் பெற்றவை. ஈராயிரம் ஆண்டுகட்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று கூறுவது மிகச் சில சொற்களே. பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவன், கூடலூர், ஆகோள். அவ்வளவுதான்! ஆயினும் பட்டவன் யாவன், எவ்வூரான், எங்கே பட்டான், எதன்பொருட்டுப் பட்டான் என்ற நான்கும் அதில் அடங்கி விட்டன. அரசன் பெயர் அதில் இல்லை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்க நின்று பட்ட கருந்தேவக்கத்தி என்பானோடு அவன் நாயும் அக்கல்லில் செதுக்கப் பெற்றுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரையும் எழுத்தில் வெட்டி வைத்த இனம் இது!

தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல்நாட்டும் முறையை ஆறாக வகுத்தார். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை ஊரார் கூடிச் செய்த செயல் அது. ஒரு துறை அலுவலர் ஒப்பம் இட்டு முடித்த செயலன்று.

இத்தகைய இனத்திற்கு வெள்ளையன் விட்டுச் சென்ற கல் எத்தகையது? வேலூர் மணிக்கூண்டில் பதித்த பலகையைப் பார்க்க. முதல் உலகப்போர்க்கு இவ்வூரினின்று சென்றோர் 277 பேர். அவருள் உயிர் துறந்தோர் 14 பேர் என்று ஆங்கிலத்தில் எழுதியுள்ளது. அப்பதினால்வர் யாவர்? பலகை கூறாது. சந்தைக்கு ஓட்டிச் சென்ற மாடு இத்தனை, திரும்பாதன இத்தனை என்று கணக்கப்பிள்ளை எழுதி வைத்தாற் போன்றது. இவ்வகைப் பலகைகள் நாட்டின் பல ஊர்களிலும் உள்ளன.

வேலூரோடு நின்றதா? ஈராக்கு நாட்டுப் பசுராவில் எழுப்பிய நினைவிடத்தில் வெள்ளையர் அனைவர்க்கும் பெயர் உண்டு; இந்தியப் படையின் மேலலுவலர்க்கும் பெயர் உண்டு; பொதுநிலைப் படைஞர்க்கோ பிரிவுவாரியாக எண் மட்டுமே. அக்களத்தில் ஆற்றுக்குப் பாலமிட்டு வழி செய்தவர்களுள் சென்னைப் படைப்பொறியாளரும் உண்டு. படையில் ‘தம்பி’ என்றே அழைக்கப் பெற்ற அவர்களுட் பலர், ஊரின் புறத்தே ஒதுக்கி வைக்கப் பெற்ற ஏழைக் குடியினர். வாழ்ந்த போது ஊருக்குப் புறம்பு. மாய்ந்த பின் கல்லுக்குப் புறம்பு. தில்லி வாயிலிலும் அப்படியே: முதல் உலகப்போரில் மாய்ந்த இந்தியப் படைஞர் 74,000க்கும் மேற்பட்டோர், அங்குப் பொறித்த பெயர்கள் 13,000க்குச் சற்று மேல்.

இஃது ஏதோ பழம்பகையால் கூறும் குற்றச்சாட்டு அன்று. குற்றம் செய்தவரே ஒப்புக் கொண்டது. பொதுநல நாடுகளின் போர்க் கல்லறை ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், 45,000 முதல் 54,000 பேர் வரை பிறர்க்கு நிகராக நினைவுகூரப் பெறவில்லை என்றும், ஆப்பிரிக்கரும் எகுபதியருமாக மேலும் 1,16,000 பேரேனும், ஒருகால் 3,50,000 பேர் வரையிலும், பெயர் சுட்டப் பெறாமலோ அறவே நினைக்கப் பெறாமலோ விடப் பெற்றனர் என்றும் எழுதிப் பொறுத்தருள வேண்டியது. நூறாண்டு கழித்தேனும் வேண்டியது.

இவ்வாணையம் தன்னவரை எவ்வாறு போற்றுகின்றது என்பதை அறியத் தொலைவு செல்ல வேண்டா. பரங்கிமலையினின்று பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில், 1952ஆம் ஆண்டில் அமைத்த போர்க் கல்லறைத் தோட்டம் உள்ளது. இரண்டாம் உலகப்போரில் மாய்ந்தோர் 800க்கும் மேற்பட்டோர் அங்குத் துயில்கின்றனர். தலைமாட்டில் தனித்தனிக் கல்; கல்லில் பெயர், படைப்பிரிவு, மாய்ந்த நாள். புல் ஒழுங்காக வெட்டப் பெறுகின்றது. இதில் பொறாமை கொள்ள ஒன்றுமில்லை. கற்றுக் கொள்ளத்தான் உண்டு. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்லும் பூந்தமல்லிக்காரர், கடல் கடந்து வந்து மாய்ந்த இளைஞனுக்குப் பெயர்க்கல் இருப்பதைக் காண்கின்றார். தம் தெருவினின்று கடல் கடந்து சென்று மாய்ந்தவனுக்கு அஃது ஏன் இல்லை என்று கேட்டாரில்லை.

வெள்ளையன் போய்ப் பல்லாண்டுகள் ஆயின. இன்று எழும் கற்கள் திருந்தினவா? தலைகீழாய் நட்ட துமுக்கி, அதன்மேல் இரும்புத் தொப்பி, கீழே ‘அமர் சவான்’ என்று எழுத்து! தமிழில் அமர் என்றால் போர்; வடமொழியில் சாவாமை. தமிழ் மட்டும் அறிந்த தாய் ஒருத்தி, தன் மகனின் நினைவாக எழுப்பிய கல்லின்முன் நின்று, அச்சொல்லைப் போர் என்று கொள்வாளா, சாவாமை என்று கொள்வாளா? மற்றொரு புறம் திறப்புவிழாப் பலகை. திறந்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பொருள் வழங்கியவர் என வரிசை நீள்கின்றது. மாய்ந்தவன் பெயர் கடைசியில், இடமிருந்தால்.

தேநீர்க் கடைப் பெயர்ப்பலகையிலும் தமிழே முதலிலும் பெரிதாகவும் நிற்றல் வேண்டும் என்று தமிழக அரசின் விதி உள்ளது. தேநீருக்கு உள்ள காப்பு குருதிக்கு இல்லையா?

படை நாடு முழுமைக்கும் பொது. அதில் மொழி பார்த்தல் கூடாது என்பார் சிலர். நன்று. பொது என்பார், வடமொழியை மட்டும் எவ்வாறு உள்ளே விட்டனர்? சென்னைப் படைப்பிரிவின் குறிக்கோள் தொடர் கீதையினின்று எடுத்த வடமொழித் தொடர். ஆனால் அதே பிரிவு பகைவர்மேல் பாயும்போது எழுப்பும் முழக்கம் ‘அடி, கொல்லு!’ என்பது. (மலையாளத்தார் அதனைத் தம் மொழி என்பர், பங்காளிகளுக்குள் அதற்கு வழக்கு வேண்டா.) ஏட்டில் எழுதி வைக்க வடமொழி, உயிரைக் கொடுக்கும் நொடியில் வாயில் வருவது தாய்மொழி. எந்த மொழியை முழங்கி மாய்ந்தானோ அந்த மொழியில் அவன் கல் பேசுவதே முறை. பிறமொழி வேண்டுவார் கீழே எழுதிக் கொள்க. தில்லியில் 2019ஆம் ஆண்டில் திறந்த நாட்டுப் போர் நினைவிடத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்களை வெட்டியுள்ளனர். பெயர் வெட்ட முடியாது என்ற சாக்கு அதனோடு ஒழிந்தது. ஆனால் ஆவடிக் கிழவி தன் மகன் பெயரைத் தடவிப் பார்க்கத் தில்லிக்கா செல்வாள்?

தமிழ்ப்பற்றாளருள்ளும் ஒருசாரார் வேறொரு தடை எழுப்புகின்றனர். மாற்றானுக்குக் கூலிக்குச் சென்று மாய்ந்தவனுக்குத் தமிழன் ஏன் கல் நட வேண்டும் என்பது அவர் வினா. கேட்பதற்கு மானமுள்ள வினாவாகத் தோன்றும், உள்ளே இரக்கமில்லை. வயிறு காய்ந்து படையில் சேர்ந்தவன் மானங்கெட்டவன் அல்லன். தீயன் அந்தவன் ஆநிரை கவரச் சென்று பட்டானா, மீட்கச் சென்று பட்டானா என்பதை இன்று எவரும் உறுதியாகக் கூறார். அவன் ஊரார் அவனுக்குக் கல் நட்டனர். கல் போரைப் போற்றுவதற்கு அன்று, ஆளை மறவாமைக்கு. வெள்ளையனுக்காகச் சென்றான் என்றால் அதனையும் வெட்டுக. எவருடைய போர், எந்த நாடு, எந்த ஆண்டு என்பதைத் தமிழில் வெட்டி வைத்தால்தான், பாட்டன் யாருக்காகச் செத்தான் என்று பேரன் கேட்பான். எண் மட்டும் இருக்கும் கல்லின்முன் எவனும் எதனையும் கேட்பதில்லை. வெள்ளையன் எண்ணை மட்டும் எழுதியதன் கரணியமும் அதுவே போலும்.

செயத்தக்கது பெரிதன்று. மாவட்ட முன்னாள் படைஞர் நல அலுவலகத்தில் ஏடுகள் உள்ளன. தெருத்தோறும் பணி ஓய்ந்த படைஞர் உள்ளனர். 2019ஆம் ஆண்டில் மாநகராட்சியான ஆவடியும், 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த அம்பத்தூரின் வட்டங்களும், பூந்தமல்லி நகராட்சியும் தத்தம் மன்றத்தில் ஒரு தீர்மானம் இயற்றினால் போதும். தமிழாசிரியர்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அம்முதியோர் கூறும் பெயர்களை எழுதி வாங்கட்டும். இதற்கு எந்தத் துறையின் ஒப்புதலும் வேண்டியதில்லை.

கல்லுக்கும் குறைவில்லை. அருகிலுள்ள பல்லாவரத்துக் கருங்கல் கல்கத்தா வரை சென்றது. அங்கு யோப்பு சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகனின் கல்லறைமேல் அமர்ந்து அவன் பெயரை முந்நூறு ஆண்டுகட்கு மேலாகத் தாங்கி நிற்கின்றது. அதைக் கண்ட ஆங்கில நிலநூலார், தமிழ்மண்ணின் அக்கல்லினத்துக்கே ‘சார்னாக்கைட்டு’ என்று அவன் பெயரைச் சூட்டி விட்டனர்! அயலான் பெயரைக் கல்கத்தாவில் தாங்கும் கல், ஆவடியான் பெயரை ஆவடியில் தாங்காதா?

முதல் வரியில் பெயர். அடுத்துத் தந்தை, தாய் பெயர், ஊரும் தெருவும். பின்னர்ப் படைப்பிரிவு, பட்ட களம், ஆண்டு. கல் நட்டவர் தம் பெயரையும் எழுத விரும்பினால், அடியில், சிறிதாக.