சான்றின்மை விடுதலைத் தீர்ப்பாகுமா?

எல்கடுவ மலைச்சரிவிலே கொழுந்து பறிப்போர்க்கும் கவ்வாத்து வெட்டுவோர்க்கும் களைப்பை மறக்கடிக்கும் துணை வெற்றிலைப் பை. "புகையிலை சேர்க்காவிடில் தீங்கில்லை" என்பார் இன்றும் உளர். இத்துணிவு எங்கிருந்து வந்தது?

உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-இல் வெளியிட்ட முடிவு இது: புகையிலை கலந்த தாம்பூலம் புற்றுநோய் விளைக்கும், கலவாத தாம்பூலம் பற்றிய சான்று போதாது. 'போதாது' என்றதைக் 'குற்றமில்லை' என்று கொள்வது பேதைமை அன்றோ?

வாய்ச்சதைத் துண்டை உருப்பெருக்கியில் ஆயும் மருத்துவர், புற்று உண்டா என்று கூறுவார். அதை விளைத்தது எது என்பதை அத்துண்டு மட்டும் கூறாது. நோயுற்றாரையும் நோயற்றாரையும் பெருந்தொகையில் ஒப்பிட்டு, புகையையும் மதுவையும் பிரித்து எடைபோட வேண்டும். புகையிலையின்றிப் பாக்கு மெல்லும் தைவான் மக்களிடையே அத்தகைய ஆய்வுகள் நடந்தன. 2004-இல் அந்நிறுவனமே, பாக்கே புற்றுக் காரணி என்று வெளியிட்டது.

பாக்கு மாறவில்லை, சான்றே வளர்ந்தது!

இலங்கை ஆடவரை மிகுதியாகத் தாக்கும் புற்று வாய்ப்புற்றே. ஆகவே தோழர்களே, "சான்றில்லை" என்போரிடம், தேடியும் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா என்று வினவுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெண்படையோ கண்டால் உடனே மருத்துவரை நாடுங்கள். ஏட்டில் சான்று நிறையும்வரை புற்று காத்திராது.