லைட் போட்டதும் அலை அலையாகத் தெரியும் சுவர்... பழி மட்டும் பட்டிக்காரருக்கா?

கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. ஹாலில் பெயின்ட் வேலையும் முடிந்துவிட்டது. கடைசியாக எலெக்ட்ரீஷியன் வந்து ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் எல்.இ.டி விளக்கைப் பொருத்தி சுவிட்சைத் தட்டுகிறார். பகலெல்லாம் பளிச்சென்று இருந்த சுவரில் அப்போதுதான் அலை அலையாக மேடும் பள்ளமும் தெரிகின்றன. வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. உடனே போன் போவது பெயின்டருக்கு.

"என்னப்பா பட்டி பார்த்திருக்க?"

"சார், சுவரே அப்படித்தான் சார் இருந்துச்சு. மேஸ்திரிகிட்ட அப்பவே சொன்னேன்."

மேஸ்திரியைக் கேட்டால், "பட்டி பார்த்தா எல்லாம் சரியாயிடும் சார்" என்று பூச்சு வேலையன்றே சொல்லிவிட்டுப் போயிருப்பார். சொந்த வீடு கட்டியவர்களில் பலருக்கு இந்தப் பேச்சு பழக்கமானதாகவே இருக்கும்.

இதில் மாட்டிக்கொள்பவர் பட்டிக்காரர்தான். வீட்டுக்குள் கடைசியாக நுழைந்து கடைசியாக வெளியேறுபவர் அவர். கொத்தனாருக்கு எப்போதோ கணக்கு முடித்தாகிவிட்டது. மிச்சம் இருப்பது பெயின்டருக்குத் தரவேண்டிய கடைசித் தவணை மட்டுமே. ஆகவே சுவரில் யார் செய்த குறையாக இருந்தாலும் அந்தத் தொகையில்தான் கை வைக்கப்படுகிறது. மறுபடி தேய்த்து, மறுபடி பட்டி இழுத்து, மறுபடி பெயின்ட் அடிக்கச் சொன்னால் அந்த நாள்களுக்கான கூலியும் அவர் தலையில்தான்.

பேச்சு வழக்கில்கூட எதையாவது ஒப்பேற்றி மறைப்பதை, 'பட்டி டிங்கரிங் பார்த்தாச்சு' என்கிறோம். பட்டி என்றாலே மறைப்பது என்று மனதில் பதிந்துவிட்டது. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

பட்டியால் எவ்வளவு முடியும்?

சுவருக்கு இப்போது அதிகம் பயன்படும் பட்டி, வெள்ளை சிமென்ட்டை அடிப்படையாகக் கொண்ட பொடி. தண்ணீரில் குழைத்து இரண்டு கை இழுப்பார்கள். இரண்டு கையும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக் கூடாது. சிமென்ட் பூச்சில் இருக்கும் மணல் துளைகளையும் மெல்லிய சொரசொரப்பையும் அடைத்து, பெயின்ட்டுக்கு வழவழப்பான தளம் தருவதுதான் அதன் வேலை.

ஐந்தாறு மில்லிமீட்டர் பள்ளத்தை நிரப்புவது அதன் வேலை அல்ல. ஆனால், வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "இங்க கொஞ்சம் கனமா போடுப்பா" என்றால், பட்டிக்காரர் போடத்தான் செய்வார். கனமாக அப்பிய பட்டி காயும்போது சுருங்கி, தலைமுடி போல விரிசல் விடும். சில மாதங்களில் தட்டிப் பார்த்தால் பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்கும். ஒரு மழைக்காலம் போனதும் சில இடங்களில் தகடு தகடாகக் கழன்று வரும். அப்போதும் கெட்ட பெயர் பட்டிக்குத்தான்.

சுவரின் நேர், அதற்கு முந்தைய கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. உட்புறச் சுவரில் சிமென்ட் பூச்சு வழக்கமாக 12 மி.மீ. கனம் இருக்கும். செங்கல் சுவரின் மேடுபள்ளமான பக்கத்தில் 15 மி.மீ. போடுவார்கள். பொறுப்பான கொத்தனார் எடுத்தவுடனே கலவையை அடிக்க மாட்டார். தூக்குக்குண்டு விட்டு, சுவரில் அங்கங்கே புள்ளி வைப்பார். எல்லாப் புள்ளியும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் நடுவில் கலவையை நிரப்பி மட்டப்பலகையால் இழுப்பார். இதற்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும், நேரமும் வேண்டும்.

அந்த நேரத்துக்குத்தான் இப்போது யாரும் காசு தருவதில்லை. பூச்சு வேலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. எவ்வளவு அடி முடிகிறதோ அவ்வளவு கூலி. புள்ளி வைக்கச் செலவிடும் அரை மணி நேரம், கொத்தனாரின் கணக்கில் வராத அரை மணி நேரம். புள்ளியில்லாமல் கண் அளவில் பூசிவிட்டுப் போனால் அன்றைக்கு இன்னொரு அறையும் முடியும். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்த ரேட் சொன்னவருக்கே வேலையைக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

மணலும் மாறிவிட்டது. ஆற்று மணலின் இடத்துக்கு எம்-சாண்ட் வந்த பிறகு, பூச்சுக்கென்றே இன்னும் நைஸாக பி-சாண்ட் தனியாகக் கிடைக்கிறது. கான்கிரீட்டுக்கு இறக்கிய எம்-சாண்ட் மிச்சமிருக்கிறதே என்று அதையே சலித்தும் சலிக்காமலும் பூச்சுக்குப் போட்டால், மட்டப்பலகை இழுக்கும்போது பெரிய பருக்கை உருண்டு கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோட்டின் மேல் சிமென்ட் பாலைத் தடவித் தேய்த்து மினுக்கிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால், பட்டி பார்க்கப்போகும் சுவருக்கு அந்த மினுமினுப்பே எதிரி. பட்டி பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

பூச்சு முடிந்த சுவருக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும் என்பது வீடு கட்டும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடப்பதென்னவோ, இரண்டாம் நாள் தெளித்து மூன்றாம் நாள் மறப்பது. போதாததற்கு, பூசி முடித்த சுவரில் ஸ்விட்ச் பாக்ஸுக்கு இடம் மாற்றிக் காடி வெட்டுவார்கள். "அண்ணே, டி.வி-க்கு இங்க ஒரு பாயின்ட் வேணும்" என்ற ஒரு வார்த்தையில் நேரான சுவரின் நடுவே ஓர் அடி நீள ஒட்டு விழுந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு விளக்கு வெளிச்சத்தில் முதலில் தெரிவதும் அந்த ஒட்டுதான்.

கைக்கும் நேரத்துக்கும் நடக்கும் போட்டி

சரி, சுவர் நேராகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மெல்லிய கடைசிப் பூச்சை வழவழப்பாகக் கொண்டுவருவது சுலபமல்ல. பல வருடம் கை பழகியவரையும் வெயில் காலத்துச் சுவர் படுத்திவிடும்.

காய்ந்த சுவர் தண்ணீரை உறிஞ்சும். பட்டியை வைத்து பிளேடை இழுக்கும் அந்தச் சில நொடிகளிலேயே அதிலுள்ள ஈரத்தைச் சுவர் குடித்துவிட்டால், பட்டி பாதி வழியில் இறுகிப் பிய்ந்து வரும். பிய்ந்த இடத்தை மறுபடி இழுத்தால் இன்னும் பிய்யும். பூசாத ஏ.ஏ.சி பிளாக் சுவரில் நேரடியாகப் பூசுபவர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. அந்தக் கல் அவ்வளவு தண்ணீர் குடிக்கும். அதனால்தான் வெள்ளை சிமென்ட் பட்டிக்கு முன் சுவரைத் துடைத்து, தூசி போக்கி, தண்ணீர் தெளித்து ஈரப்பதமாக்குகிறார்கள். ஈரம் பட்டிக்கு இன்னொரு விதத்திலும் தேவை. அதிலுள்ள சிமென்ட் இறுகுவதே தண்ணீரோடு சேர்ந்துதான். அது கிடைக்காத பட்டி, கையால் தடவினால் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். அதேநேரம் தண்ணீர் வழியும் சுவரில் பட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். எவ்வளவு ஈரம் சரி என்பதை உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

குழைப்பதிலும் இதே கதை. பையில் அளவு அச்சிட்டிருக்கும். பொடியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. ஆனால், குழைத்த பட்டி இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட்டிப்படத் தொடங்கும். டீ குடித்துவிட்டு வந்து, கெட்டியான வாளியில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் இழுப்பதற்குச் சுலபமாக இருக்கும். சுவரில் பலம் இருக்காது.

ஜிப்சம் பூச்சில் இந்த அவசரம் இன்னும் அதிகம். குழைத்த சுமார் அரை மணி நேரத்துக்குள் அது இறுகிவிடும். முந்தைய கலவையின் காய்ந்த துணுக்குகள் வாளியில் ஒட்டியிருந்தால், புதுக் கலவை அதைவிடவும் சீக்கிரம் இறுகும். "மெட்டீரியல் சரியில்ல" என்று பழி போடப்படும் பல வாளிகளில் உண்மையான குற்றவாளி, கழுவாத வாளிதான். ஜிப்சத்துக்குத் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால், பாத்ரூம் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் அதைக் கொண்டுபோகக் கூடாது. ஈரம் அதற்கு ஆகாது.

பிளேடைப் பிடிக்கும் கோணம் அடுத்தது. நிமிர்த்திப் பிடித்தால் பட்டியைச் சுரண்டிக்கொண்டு போகும். படுக்கப்போட்டால் ஒட்டிக்கொண்டு தூக்கும். எடுத்த இடத்தில் கொப்புளம் விழும். லேசாகச் சாய்த்து, ஒரே அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் போக வேண்டும். புது பிளேடின் கூரான மூலை ஒவ்வோர் இழுப்பிலும் ஒரு கோடு கிழிக்கும். அனுபவசாலிகள் மூலையை முதலில் கல்லில் தேய்த்து மழுக்கிக்கொள்வது அதனால்தான். முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகே இரண்டாவது கை. ஃபேனைப் போட்டுக் காயவைத்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள், விரிசலைச் சீக்கிரம் பார்க்கிறார்கள்.

இவ்வளவையும் எந்தப் பள்ளியிலும் கற்றுத்தந்து பட்டிக்காரர்கள் வருவதில்லை. பெரும்பாலும் மாமாவோடோ ஊர்க்கார அண்ணனோடோ சைட்டுக்கு வந்து, உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து பிளேடுக்கு வந்தவர்கள். கலவை பதம் அத்துபடியான சித்தாள் பெண்களின் கைக்கு அந்த பிளேடும் கரணையும் வருவது இன்னும் அபூர்வம். கலவையில் எவ்வளவு தண்ணீர் என்பதை அவர்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள் சைட்டில் எத்தனை பேர்?

செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் அவை. முட்டையின் மகிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவே காத்திருந்த நாள்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து நாளில் கிரகப்பிரவேசம் வைத்துக்கொண்டு அந்தச் சுவரைக் கேட்பது கொஞ்சம் அதிகம்தான்.

தேய்க்கும் தூசி எங்கே போகிறது?

சுவர் அலையாக இருந்தால் பட்டிக்காரர் கையில் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம் உப்புத்தாள். தேய்க்கத் தேய்க்க அறை முழுக்க வெள்ளைப் புகை. மேற்கூரை தேய்ப்பவருக்குத் தூசி நேராக முகத்தில் இறங்கும். முகத்தில் கட்டியிருப்பது ஒரு கைக்குட்டை. நுண்தூசிக்கு அது ஒரு தடையே இல்லை. அடியிலிருக்கும் சிமென்ட் பூச்சையே தேய்க்க நேர்ந்தால், மணலிலிருந்து வரும் சிலிகா தூசியும் சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். வருடக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் நோய்க்கு, கெட்டுப்போன நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து கிடையாது. நேராகப் பூசிய சுவரில் தேய்ப்பு குறைவு. கோணலாகப் பூசிய சுவரின் விலையை ஒருவர் மூச்சால் கட்டுகிறார் என்பது வீட்டுக்காரர் கண்ணில் படுவதே இல்லை. ஒரு என்-95 மாஸ்க்கை வாங்கிக் கொடுப்பது, வீட்டுச் செலவில் ஒரு செலவே அல்ல.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லிலிருந்து இயங்குகிறது. கொத்தனார், சித்தாள் மட்டுமல்ல, பெயின்டர்களும் அதில் பதிவு செய்யலாம். உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், பதிவு செய்ய போனில் ஒரு கை உதவலாம்.

கையில் இருக்கும் டார்ச்

வீட்டுக்காரர் செய்யக்கூடிய சோதனை மிக எளிது. பூச்சு காய்ந்த பிறகு, பட்டிக்காரர் வருவதற்கு முன், இருட்டிய நேரத்தில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேரே அடிக்கும் வெளிச்சம் மறைக்கும் மேடுபள்ளத்தைப் பக்கவாட்டு வெளிச்சம் நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஓர் ஆறடி அலுமினியச் சட்டத்தைச் சுவரில் வைத்து இடைவெளியும் பார்க்கலாம். பள்ளம் தெரிந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, மேஸ்திரிக்குக் கடைசிக் கணக்கு முடிப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள். அந்த நாளில் அது அவர் வேலை. பட்டி ஏறிவிட்டால் பிறகு அது யார் வேலை என்பது பஞ்சாயத்து.

பட்டிக்காரரையும் பூச்சு நடக்கும்போதே ஒரு முறை அழைத்துவந்து சுவரைக் காட்டலாம். சுவரோரம் கீழ்நோக்கி அடிக்கும் விளக்குகள் வரப்போகின்றன என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டி.வி பாயின்ட், ஏ.சி பாயின்ட் எல்லாம் பூச்சுக்கு முன்பே முடிவாக வேண்டும்.

ஏற்கெனவே பெயின்ட் அடித்து அலை தெரிகிறவர்கள், குறை தெரியும் இடத்தில் மட்டும் பட்டி அப்பச் சொல்லாதீர்கள். சுற்றிலும் ஓரம் தெரிந்து, முன்னைவிட அசிங்கமாகிவிடும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் எடுக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி பேச வேண்டும். அவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால், பளபளக்கும் பெயின்ட்டை விட்டுவிட்டு மேட் பெயின்ட்டுக்கு மாறலாம். அடர்ந்த நிறத்தைத் தவிர்த்து வெளிர் நிறம் அடித்தால் நிழல் பாதி அடங்கிவிடும். சுவரை ஒட்டி அடிக்கும் விளக்கை ஓரடி தள்ளி மாட்டினால் மீதியும் பெரும்பாலும் கண்ணில் படாது.